ரோட்டுக்கு அந்தப் பக்கம் நோட்டீஸ், இந்தப் பக்கம் குளவி

அக்காவுக்கு போன மாசம் நோட்டீஸ் வந்திச்சுங்க. என்னா குத்தம்னா வீட்டுக்குப் பின்னால இருக்கிற ஆறு பேர்ச் காணியில புல்லு வளந்திரிச்சாம். மச்சான் கட்டார்ல, புள்ளைங்க ஏஎல் படிக்குதுங்க, யாரு வெட்டுறது, மழ வேற விடாம பேஞ்சா புல்லு என்ன பண்ணும், முட்டி அளவுக்கு வந்திரிச்சு. பீ.எச்.ஐ., அதான் பொதுச் சுகாதார பரிசோதகர், வந்து பாத்துட்டு பதினாலு நாளு டைம் குடுத்திட்டு போயிட்டாரு. அக்கா எனக்கு போன் பண்ணி ஒரே பொலம்பல்.

எனக்கு சிரிப்பு தான் வந்திச்சு. அக்கா இருக்கிறது டவுன்ல, நகர சபை. நான் இருக்கிறது த்ரீவீல்ல பத்து நிமிசம் தள்ளி, கிராமத்துப் பக்கத்த பாக்கிற பிரதேச சபை. எந்த சபைன்னு சொல்லமாட்டேன், நாளைக்கு சோலவரி, அதான் வீட்டு வரி, கட்ட நான் தான் அங்க போகணும். எங்க வீட்டுக்குப் பக்கத்து காணிய பாத்தா அக்கா வீட்டுப் புல்லெல்லாம் மெத்தை. மானா புல்லு ஆளு ஒசரத்துக்கு நிக்குது, உள்ளுக்கு குளவி கூடு கட்டியிருக்கு, போன வருசம் எதிர் வீட்டு நாயை ராத்திரி சிறுத்தைப்புலி தூக்கிட்டு போனதும் அந்தப் பத்தைக்குள்ள தான். சொந்தக்காரர் கொழும்புல. காணிய வாங்கிப் போட்டவரு எட்டிக்கூட பாக்கல.

அக்காவுக்கு நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே நான் எங்க சபைக்கு போயிருந்தேன். கடிதம் குடுங்கன்னாங்க, குடுத்தேன். ஒரு மாசம் கழிச்சு போனா அது தேயிலத் தோட்டத்து எல்லையா இருக்கும் போலன்னாங்க. தோட்டத்து ஆபிஸ்ல போய் கேட்டா, அது எப்பவோ கைமாறின காணி எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னு கிளாக்கரு கதவுகிட்டயே வச்சு அனுப்பிட்டாரு. கிராம சேவகர் எம்.ஓ.எச்., அதான் சுகாதார வைத்திய அதிகாரி ஆபிஸுக்கு போகச் சொன்னாரு. ஒரு பத்தைய வெட்ட நாலு ஆபிஸ்!

சட்டமே இல்லையான்னா, இருக்கு. 1862ஆம் வருசத்து தொல்லைகள் கட்டளைச் சட்டத்துலயே, பக்கத்தில உள்ளவங்களுக்கு கெடுதலா காணிய பத்தையாக விடுறது குத்தம்னு இருக்கு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில தேயில போட்டது 1867ல, அப்ப இந்த சட்டம் தேயிலைக்கே மூத்தது. 2007ல நுளம்பு பெருகுறத தடுக்கிற சட்டம் வேற வந்திச்சு, அது டவுனு கிராமம்னு பாக்காது, டின்னு டயரு செரட்டைன்னு தண்ணி தேங்குற எது கெடந்தாலும் காணிக்காரன் தான் பொறுப்பு. அப்ப ரெண்டு பக்கமும் ஒரே சட்டம் தானே? ஆனா அதுக்கு மேல சபைக்கு சபை போட்டுக்கிற உபவிதி வேற வேற, வந்து பாக்கிற ஆளும் வேற. பெரிய டவுன்ல உள்ள மாநகர சபைன்னா சுகாதாரப் பகுதி சபைக்குள்ளயே இருக்கும், எங்க பிரதேச சபையில அப்படி இல்ல.

எங்க மலநாட்டு தோட்டத்து ஆளுங்களுக்கு இன்னொரு பழைய கத இருக்கு. 1987 பிரதேச சபை சட்டத்தோட 33ஆம் பிரிவால தோட்டத்துக்குள்ள ரோடு போடக்கூட சபை காசு செலவழிக்க ஏலாம கெடந்திச்சு, அத திருத்தினது 2018ல தான். அந்த வருச தேர்தலோட அம்பகமுவ பிரதேச சபை மூணா பிரிஞ்சு நோர்வூட், மஸ்கெலியா வந்திச்சு, நுவரெலியா பிரதேச சபையில இருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனியா போச்சு. சபை கிட்டக்க வந்திரிச்சு, சந்தோசம் தான். ஆனா லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, பொறந்தவங்களுக்கு இன்னும் புல்லுன்னா தோட்டத்து தொர சொல்லணும், கங்காணி ஆளு போடணும்ங்கிற நெனப்பு தான். சபைக்கு போய் கேக்கலாம்னு தோணவே மாட்டேங்குது, எனக்கே நாய் போன பொறகு தான் தோணிச்சு.

கடைசியா நாங்க நாலு வீடு சேந்து காசு போட்டு, ரெண்டு பேருக்கு வெட்டுற வேலய கொந்தரப்பா குடுத்தோம். குளவிக்கு பயந்து விடியக்காலம் பொக போட்டுட்டு தான் கத்தியவே எடுத்தாங்க. உள்ளுக்கு மூணு டயர், ஒரு ஒடஞ்ச கொமட், அதுல தண்ணி, தண்ணியில புழு நெளியுது. கொழும்புக்காரருக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன், நீல டிக் விழுந்திச்சு, பதில் இல்ல.

அன்னைக்கே அக்கா போன். "தம்பி, அந்த வெட்டுன ஆளுங்கள இங்க அனுப்புடா, இன்னும் மூணு நாளு தான் இருக்கு." அனுப்பினேன். வெட்டியாச்சு, வெட்டுன புல்லை எங்க போடுறது? தண்ணி ஓடுற காண்ல போட்டா அதுக்கு வேற நோட்டீஸ் வரும்னு அக்காவுக்கு பயம். எட்டு மூட்டையா கட்டி த்ரீவீல்ல ஏத்தி எங்க பக்கம் அனுப்பிட்டா, கீழ் லயத்து மாமா மாட்டுக்கு.