பத்மநாபபுரம் கொட்டாரம்: அண்ணாந்து பார்க்கவும், குனிந்து பார்க்கவும்

பழைய திருவிதாங்கூர் மன்னர்களின் இந்தக் கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் பூட்டுதான். மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறந்து, மதியம் 1 மணிக்கு அடைத்து, 2 மணிக்கு மறுபடி திறப்பார்கள். மாலை 4.30 மணியோடு சரி. பன்னிரண்டு மணிக்கு மேல் டிக்கெட் எடுத்தால் பாதி வழியிலேயே சாப்பாட்டு நேரம் வந்துவிடும், அறைகளை ஓட்டமாகத்தான் கடக்க வேண்டியிருக்கும். நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். காலை 9 மணிக்கே வாசலில் நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம், திருவனந்தபுரம் போகும் பேருந்தில் ஏறித் தக்கலையில் இறங்க வேண்டும். அங்கிருந்து குலசேகரம் சாலையில் சுமார் 2 கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். ரயிலில் வருபவர்களுக்குப் பக்கத்து நிலையம் இரணியல். ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது, நாகர்கோவிலில் இறங்குவதே நிச்சயம்.

இடம் கன்னியாகுமரி மாவட்டம், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கொட்டாரம் மட்டும் அவர்கள் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. அறைகளில் இருக்கும் ஊழியர்கள் மலையாளத்திலும் தமிழிலும் விளக்குவார்கள். வாய்விட்டுக் கேட்டால்தான் நிறையச் சொல்வார்கள், கூட்டத்தில் நகர்பவர்களுக்கு இரண்டே வரிதான்.

மன்னர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601 வாக்கில் கட்டியது என்பது பொதுவான கணக்கு. இன்று நாம் பார்க்கும் விரிவு பெரும்பாலும் 1750ஐ ஒட்டி திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் செய்தது. அதே நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அதனால் நகை, கிரீடம், பளபளக்கும் சிம்மாசனம் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை. ‘வெறும் மரவீடுதானே’ என்று முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது மேலே மச்சிலும் (தலைக்கு மேல் இருக்கும் மர விதானம்) கீழே தரையிலும் இருக்கிறது.

முதலில் வரும் முகப்பு மண்டபமான பூமுகத்திலேயே நில்லுங்கள். மச்சில் தொண்ணூறு பூக்கள், ஒன்று போல இன்னொன்று இல்லை. அங்கே சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்பிய திசையிலேயே நிற்கும், எடையை அவ்வளவு சரியாகப் பிரித்துச் செய்திருக்கிறார்கள். தொட விடமாட்டார்கள், ஊழியர் திருப்பிக் காட்டினால் பார்த்துக்கொள்ளலாம்.

மாடியில் மந்திரசாலை, மன்னர் ஆலோசனை நடத்திய கூடம். படிக்கட்டு குறுகல், செங்குத்து. வாசல் நிலை தாழ்வு, குனியாவிட்டால் நெற்றியில் இடிக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை ஒவ்வொரு மாடிக்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மந்திரசாலையின் சன்னல்களில் கண்ணாடி கிடையாது, வண்ண அபிரகத் (மைக்கா) தகடுகள். சுவருக்குப் பதிலாகச் சாய்வாக அடுக்கிய மரச்சட்டங்கள்: காற்று வரும், வெயிலும் தூசியும் வராது, உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. கூரை செங்குத்தாக இறங்கி வெகுதூரம் வெளியே நீண்டிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு ஆண்டில் இரண்டு பருவமழை, சாரல் மரத்தில் பட்டால் மரம் உளுத்துப்போகும்.

தரைக்கு வருவோம். கறுப்பாக, முகம் தெரியும் அளவுக்கு மினுங்கும் இந்தத் தரையைச் சுண்ணாம்பு, எரித்த சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு சேர்த்துப் போட்டதாகச் சொல்வார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வது வெறும் மரியாதைக்கு அல்ல, அடியில் ஒட்டிய ஒரு மணல் துணுக்கு போதும் தரையில் கீறல் விழ. அறைக்குள் பாதம் சில்லென்று இருக்கும். இடையில் வரும் முற்றங்களில் உச்சிவெயிலில் சுட்டெரிக்கும், குழந்தைகளுக்குச் சாக்ஸ் போட்டுவிடலாம்.

தாய்க் கொட்டாரம்தான் வளாகத்திலேயே பழையது. அங்கே ஏகாந்த மண்டபத்தில் நிற்கும் பலாமரத்தூணை அவசரமில்லாமல் சுற்றி வந்து பாருங்கள். சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையில் கீழே ஆயிரம், மேலே ஆயிரம் என்று 2000 பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், ஊறுகாய் வைத்த பெரிய சீன ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. நான்கு மாடி உப்பரிகை மாளிகையில் பலவகை மூலிகை மரத்துண்டுகளைக் கொண்டு செய்த கட்டில் இருக்கிறது. எல்லோரும் படம் எடுக்க முண்டுவது இங்கேதான். இதன் உச்சி மாடியில் இருக்கும் சுவரோவியங்களுக்குப் பொதுமக்களை விடுவதில்லை, அதற்காக யாரோடும் வாதாட வேண்டாம்.

நவராத்திரி மண்டபத்தின் கல்தூண்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். மரத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு உலகம். நவராத்திரிக்கு முன்பு இங்குள்ள சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுவார்கள். அந்த நாளில் ஊர்வலம் பார்க்கலாம், கொட்டாரத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைப் பேருந்துகள் வரிசையாக நிற்கும், அப்போதும் இதே கதைதான்.

கேமராவுக்குத் தனிக் கட்டணம். உள்ளே வெளிச்சம் குறைவு, மேகமூட்ட நாளில் மச்சுச் செதுக்கல் கண்ணுக்கே சரியாகப் படாது. கற்சிலைகளும் கல்வெட்டுகளும் வைத்திருக்கும் அருங்காட்சியகம் தனிக் கட்டடம். கால் ஓய்ந்த பிறகு அதைப் பார்த்தால் மனசில் நிற்காது, முடிந்தால் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் நேரம் மிஞ்சினால், நாகர்கோவில் திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மரின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.