ஒரு மாலைக்குப் பதினைந்து மணி நேரம்: பொது அரங்கில் எங்கள் முதல் நாடகம்

நாங்கள் பதினான்கு பேர் கொண்ட, தொழில்முறை அல்லாத நாடகக் குழு. ஆறு ஆண்டுகளாக இரவல் கிடைத்த கூடங்களிலும் வகுப்பறைகளிலும் நடித்துவந்த நாங்கள், பலதரப்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கும் ஒரு சமூகக் கலையரங்கில் முழுநீள நாடகம் ஒன்றை மேடையேற்ற விண்ணப்பித்தது இதுவே முதல் முறை. விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து டெபாசிட் பணம் திரும்பி வந்த நாள்வரை ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் நடிப்போடு சம்பந்தமில்லாத பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன். நடிப்பைப் பற்றி எங்களுக்குள் ஏற்கெனவே போதுமான அளவு சண்டை போட்டாகிவிட்டது.

இருநூற்றிருபது இருக்கைகள் கொண்ட அந்த அரங்கு எந்த ஒரு கலைக்கும் மட்டும் உரியதன்று. ஒரே வாரத்தில் சேர்ந்திசைக் குழுவின் கச்சேரி, சிறுவர் நடன வகுப்பு, பொம்மலாட்டம், கவிதை வாசிப்பு, ஆவணப்படத் திரையிடல் என ஐந்து விதமான நிகழ்ச்சிகள் அங்கே நடக்கும். ஆகவே தேர்வுக் குழுவினர் எங்களை அழைத்துப் பேசியபோது நாடகம் நன்றாக இருக்கிறதா என்பதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் வேறு நாடகங்கள் எத்தனை இருக்கின்றன, எங்கள் நாடகத்துக்கு யார் வருவார்கள், இதுவரை அந்த அரங்குக்குள் கால் வைத்திராத யாராவது அவர்களில் இருப்பார்களா என்றே கேட்டார்கள். எனக்கு அப்போது சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பொதுப்பணத்திலும் நன்கொடையிலும் நடக்கும் ஓர் இடம் தரத்தை மட்டும் பார்த்துத் தேதி கொடுத்தால், ஏற்கெனவே பயிற்சியும் பணமும் உள்ள குழுக்களே ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டுவிடும் என்பதைப் பிறகு ஒப்புக்கொண்டேன்.

எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் வேறு. தேவைப்படும் நேரம் என்ற கட்டத்தில் ‘மாலை 6 முதல் 9 வரை’ என்று எழுதியிருந்தேன். நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். “சார், நாடகம் ஆறு மணிக்கு, சரி. செட் எத்தனை மணிக்கு உள்ளே வரும், எத்தனை மணிக்கு வெளியே போகும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பொருள்களை இறக்கிச் செட் போட மூன்று மணி நேரம், விளக்குகளைக் குறிபார்த்து நிறுத்த இரண்டு, ஒலிச் சோதனைக்கு ஒன்று, முழு ஒத்திகைக்கு மூன்றரை, ஓய்வுக்கும் ஒப்பனைக்கும் ஒன்றரை, பார்வையாளர்கள் வந்து அமர அரை, நாடகத்துக்கு இரண்டு, எல்லாவற்றையும் பிரித்து வெளியேற்ற ஒன்றரை. இரண்டு மணி நேர நாடகத்துக்குப் பதினைந்து மணி நேரம் தேவைப்பட்டது. கிடைத்ததோ பதினொன்று. காலை பதினொரு மணிவரை மேடை சிறுவர் நடன வகுப்புக்கு உரியது. இரவு பத்து மணிக்கு அரங்கைப் பூட்டிவிடுவார்கள்.

அந்த நான்கு மணி நேரத்தை எங்கிருந்து மிச்சப்படுத்துவது என்பதுதான் அடுத்த மூன்று மாத வேலையாக இருந்தது. செட்டை மூன்று பெரிய துண்டுகளாக முன்கூட்டியே கட்டி வைத்தோம். முழு ஒத்திகையைக் கைவிட்டு, ஒளியும் ஒலியும் மாறும் இடங்களை மட்டும் தொட்டுத் தொட்டுச் செல்லும் ‘க்யூ டு க்யூ’ ஒத்திகைக்கு மாறினோம். விளக்குகளைப் பொறுத்தவரை, இப்படிப்பட்ட அரங்குகளில் பெரும்பாலும் ஒரு பொது ஒளியமைப்பு நிலையாகத் தொங்கிக்கொண்டிருக்கும், எல்.இ.டி. விளக்குகளின் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம், திசையைத் திருப்பக் கூடாது. அதை ஏற்றுக்கொண்டதில் மட்டும் ஒன்றரை மணி நேரம் மிஞ்சியது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டி.எம்.எக்ஸ். 512 என்ற நெறிமுறை 1986-இல் உருவானது. பெயரிலேயே உள்ளபடி ஓர் இணைப்பில் 512 சேனல்கள், அதாவது தனித்தனிக் கட்டளைத் தடங்கள், செல்லும், ஒவ்வொரு விளக்கும் தனக்கென ஒதுக்கப்பட்ட எண்ணிலிருந்து தொடங்கும் சில சேனல்களை மட்டும் கேட்கும். நாங்கள் மடிக்கணினியில் நாற்பத்து நான்கு ஒளி மாற்றங்களைத் தயாரித்துக் கொண்டுபோயிருந்தோம். எண்களை மட்டும் நாங்களாகவே ஊகித்துக்கொண்டிருந்தோம். முதல் காட்சிக்கு மெல்லிய நீலம் வர வேண்டிய இடத்தில், மேடையின் வலது மூலையில் ஒரே ஒரு விளக்கு இரத்தச் சிவப்பில் எரிந்தது. விண்ணப்பிக்கும் நாளிலேயே விளக்கு எண்களின் பட்டியலைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

உரிமை தொடர்பான தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடகம் எங்களுடையது என்பதால் பிரதிக்கு அனுமதி தேவைப்படவில்லை. இடையில் ஒலிக்கும் பழைய இசைத் துணுக்கு ஒன்றுதான் இடறியது. படைப்புகளின் பதிப்புரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி படைப்பாளர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். பல நாடுகள் அதை 60, 70 என்று நீட்டித்திருக்கின்றன. இசையமைத்தவரின் உரிமை முடிந்துவிட்டாலும், அதைப் பின்னர் வாசித்துப் பதிவுசெய்தவர்களின் உரிமை தனியாக நிற்கும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கடைசியில் எங்கள் குழுவில் ஒருவரே அதை வாசித்துக் கொடுத்தார். பதிவைவிட அது நன்றாகவும் இருந்தது.

பாதுகாப்புச் சோதனையில்தான் அந்த அரங்கினரின் மீது எனக்கு மரியாதை பிறந்தது. பின்னணிக்காக நாங்கள் வண்ணம் தீட்டிக் கொண்டுவந்த பருத்தித் துணியின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, வெளி முற்றத்துக்குக் கொண்டுபோய், இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார் மேடை மேலாளர். துணி இரண்டு நொடியில் அவர் கைவரை எரிந்து வந்தது. ஒன்றும் சொல்லாமல் கரிந்த துண்டை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, தீத்தடுப்புக் கரைசல் தெளித்துக் காயவைத்து அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னார். நடைபாதையில் பத்து நாற்காலிகள் கூடுதலாகப் போட்டுக்கொள்கிறோம் என்று நாங்கள் கேட்டபோதும் அதே அமைதியோடு மறுத்துவிட்டார். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா அரங்கில் மேடை விளக்கிலிருந்து திரைச்சீலையில் பற்றிய தீயில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நடைபாதைகளில் ஆட்கள் நின்றிருந்தார்கள், வெளியேறும் கதவுகள் பலவற்றைத் திறக்க முடியவில்லை. உடலால் தள்ளினாலே வெளிப்புறமாகத் திறந்துகொள்ளும் கதவுத் தண்டுகள் பரவலானதற்கு அந்த விபத்தும் ஒரு காரணம். எங்கள் கடைசிக் காட்சிக்கு முழு இருட்டு வேண்டுமென்று கேட்டிருந்தோம். வெளியேறும் வழியைக் காட்டும் பலகைகள் ஒருபோதும் அணையாது என்றார் மேடை மேலாளர். நடிகர் அந்த வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

நாடக நாளன்று ஒலிச் சோதனையில் எங்களை உலுக்கியது வேறொன்று. முதல் வசனத்தைப் பேசியதும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் ஏறி விழுந்தது. ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, நானே எழுதிய வசனம் புரியவில்லை. மைக் போதவில்லை என்று நினைத்து ஒலியைக் கூட்டச் சொன்னேன், இன்னும் மோசமாயிற்று. இருபது நிமிடங்கள் இப்படியே வீணாயின. அப்போது உள்ளே வந்த மேடை மேலாளர் பக்கச் சுவர்களைப் பார்த்துவிட்டு, “நேத்து சேர்ந்திசைக் கச்சேரி. திரையெல்லாம் ஒதுக்கியே இருக்கு, பாருங்க” என்றார். கயிற்றை இழுத்ததும் இருபுறச் சுவர்களையும் கனத்த வெல்வெட் திரைகள் மூடின. அதே வசனத்தை மறுபடி பேசச் செய்தோம். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் ஓர் அரங்கில் ஒலி தேய்ந்து மறைய ஏறத்தாழ ஒரு நொடிக்கு மேல் ஆகக் கூடாது; பெரிய இசைக்குழுவுக்கு இரண்டு நொடி அளவுக்கு அது நீடித்தால்தான் இசை நிறைவாக இருக்கும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சே புரியவில்லை என்ற புகாரை ஆராயப் பணிக்கப்பட்ட இயற்பியலாளர் வாலஸ் சபைன், அங்கே ஒலி ஐந்து நொடிகளுக்கும் மேலாக நீடிப்பதைக் கண்டறிந்தார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பிப் பரப்பி அவர் அளந்ததிலிருந்துதான் அரங்க ஒலியியல் ஒரு கணக்காக மாறியது. பார்வையாளர்களின் உடலும் உடையும்கூட ஒலியை உறிஞ்சும். அதனால் ஆளில்லாத அரங்கில் செய்த சோதனை கடைசிச் சோதனையாகாது என்று எங்களிடம் எச்சரித்தார்கள். அப்படியே ஆயிற்று; அரங்கு நிறைந்த பிறகு இரண்டு நடிகர்களின் ஒலியைச் சற்றுக் கூட்ட வேண்டியிருந்தது.

நாடகம் குறித்த நேரத்தில் தொடங்கி, நான்கு நிமிடம் பிந்தி முடிந்தது. கைதட்டல் ஓயும்போதே நாங்கள் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தோம். ஒன்பது இருபதுக்கு மேடை காலியானது. வாசல் வரை போய்விட்ட எங்களை மேடை மேலாளர் நிறுத்தினார். அடியில் காந்தம் பொருத்திய ஒரு தள்ளுகட்டையை அவர் மேடையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை வரிவரியாக உருட்டிச் சென்றார். ஐந்தாவது வரியில் ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்டது. அரை அங்குலத் திருகாணி ஒன்று, கூர்முனை வெளியே தெரிய, காந்தத்தில் ஒட்டியிருந்தது. அவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காலையில் அதே தரையில் ஆறு வயதுப் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஆடுவார்கள்.

பத்து நாள் கழித்து டெபாசிட் திரும்பி வந்தது. தரையில் நான்கு இடங்களில் டேப்பின் பசை ஒட்டியிருந்ததற்காகச் சிறு தொகையைப் பிடித்திருந்தார்கள். எந்தெந்த இடம் என்று மேடை வரைபடத்தில் வட்டமிட்டும் அனுப்பியிருந்தார்கள்.