இரண்டு இடுப்புள்ள குரோமோசோம்

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குரோமோசோம் ஸ்லைடு தயாரிப்பது பெரும்பாடு. மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த திரவத்தில் மிதக்கும் ரத்த செல்களைக் குளிர்ந்த ஸ்லைடின் மேல் சொட்டாக விட்டால், திரவம் உலர உலரச் செல் தட்டையாகிக் குரோமோசோம்கள் விரிந்து படியும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அவை அளவு மீறிச் சிதறி, எது எந்தச் செல்லுக்குரியது என்றே தெரியாமல் போகும், ஏ.சி. ஓடி அறை வறண்டுவிட்டாலோ ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். சொட்டு விடும் முன் ஸ்லைடின் மேல் ஒருமுறை வாயால் ஊதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இன்றும் உண்டு. எந்தச் செய்முறைக் கையேட்டிலும் பார்த்ததில்லை. எனக்கு முன்பிருந்தவர் செய்ததைப் பார்த்துக் கற்றது.

புற்றுநோய், கதிர்வீச்சு, அரிய மரபணு நோய் ஆகிய மூன்று துறைகளிலிருந்தும் எங்கள் மேசைக்கு ரத்தக் குழாய்கள் வருகின்றன. மூன்றிலும் நாங்கள் தேடுவது ஒன்றைத்தான்: முறிந்த குரோமோசோம். இயல்பான குரோமோசோமுக்கு ஒரே இடுப்பு, அதாவது சென்ட்ரோமியர் எனப்படும் குறுகிய பகுதி. கதிர்வீச்சு இரண்டு குரோமோசோம்களை முறித்து, முறிந்த முனைகள் தவறாக ஒட்டிக்கொண்டால் இரண்டு இடுப்புள்ள ஒன்று உருவாகும். அதை டைசென்ட்ரிக் என்கிறோம். இடுப்பே இல்லாத துண்டு ஒன்றும் அதனருகே கிடக்க வேண்டும். கதிர்வீச்சுத் தொடர்பே இல்லாதவர்களிடம் 1,000 செல்களுக்கு ஒன்று அல்லது இரண்டுதான் தென்படும் என்பதால், அந்த எண்ணிக்கை கூடும்போது உடல் வாங்கிய கதிர்வீச்சின் அளவை அதிலிருந்து கணக்கிட முடிகிறது.

2010-இல் டெல்லி மாயாபுரியில், டெல்லிப் பல்கலைக்கழகம் விற்ற பழைய கருவி ஒன்றிலிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் பழைய இரும்புச் சந்தையில் பிரிக்கப்பட்டு, தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே யாரும் மார்பில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் குத்திக்கொண்டு இரும்பு பிரிக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அவர்களுடைய ரத்தமே பேட்ஜ்.

பேட்ஜ் உள்ளவர்களுக்கும் சிக்கல் இல்லாமலில்லை. எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்யும் ஒருவருக்குப் பேட்ஜில் அளவு மிகையாகக் காட்டியதால் அவருடைய ரத்தம் எங்களிடம் வந்தது. கோட்டோடு சேர்த்து எக்ஸ்ரே அறைக்குள்ளேயே பேட்ஜை மாட்டிவிட்டுப் போயிருக்கவும் கூடும். அப்படி நடப்பது அபூர்வமன்று. 500 செல்கள் எண்ணினேன். ஒரு நாளைக்கு நூறு செல்களுக்கு மேல் பார்த்தால் கண் பொய் சொல்லத் தொடங்கும். முறுக்கிக் கிடக்கும் சாதாரணக் குரோமோசோம்கூட இரண்டு இடுப்போடு தெரியும். முடிவில் கிடைத்தது ஒன்றே ஒன்று. இயல்பான அளவைத் தாண்டவில்லை என்று அறிக்கை எழுதினோம். அவர் நேரிலேயே வந்து, "அப்போ எனக்குக் கேன்சர் வராது இல்ல சார்?" என்று கேட்டார். நாங்கள் எண்ணியதற்கும் அவர் கேட்டதற்கும் இடையிலிருந்த தூரத்தை எனக்கு அன்று விளக்கத் தெரியவில்லை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில், மோனசைட் மணலிலுள்ள தோரியத்தின் கதிர்வீச்சில் தலைமுறைகளாக வாழ்பவர்களில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த முடிவும் எழுபதாயிரம் பேரின் கூட்டத்தைப் பற்றியதுதான். அந்தக் கடற்கரையில் ஒரு குறிப்பிட்ட வீட்டில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது.

ரத்தப் புற்றுநோய் மாதிரிகளில் வேலை ஒப்பீட்டளவில் நேரானது. 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டால், அந்த நோயாளிக்கு இமாட்டினிப் போன்ற மாத்திரை பயன்படும் என்பது பெரும்பாலும் தெளிவு.

என்னை அதிகம் கற்க வைத்தது ஃபான்கோனி ரத்தசோகை. 1927-இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி விவரித்த அரிய நோய் இது. டி.என்.ஏ.வின் இரு இழைகளும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும் பழுதைச் சரிசெய்ய அந்தக் குழந்தைகளின் செல்களுக்கு இயலாது. எலும்பு மஜ்ஜை ஓயும், புற்றுநோய் வாய்ப்பும் மிகும். ரத்தத்தை வளர்க்கும் கலவையில் மைட்டோமைசின்-சி என்ற மருந்தைச் சிறிதளவு சேர்த்தால், அவர்களுடைய குரோமோசோம்கள் முறிந்து, நான்கு கை விரித்த நட்சத்திரம்போல ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் குழாயில் நலமானவர் ஒருவரின் ரத்தத்தையும் அதே மருந்தோடு வளர்ப்போம்.

மைட்டோமைசின் வெளிச்சம் படக்கூடாதது. ஒருமுறை, ஃபான்கோனி என்ற சந்தேகத்தில் வந்த ஒரு சிறுவனின் ரத்தத்துக்காக நீர்க்கச் செய்து வைத்த மருந்துக் குழாயை அலுமினியத் தாளில் சுற்றாமல் ஜன்னலோர மேசையில் விட்டுவிட்டேன். பிற்பகல் வரை அது அங்கேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறுவனின் செல்களில் முறிவு கூடியிருக்கவில்லை. ஃபான்கோனி இல்லை என்று எழுதப் பேனாவை எடுத்தும் விட்டேன். தடுத்தது நலமானவரின் குழாய்: மருந்து சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் அதிலும் வேறுபாடே இல்லை. நலமான செல்லிலும் இந்த அளவு மருந்துக்கு முறிவு சற்றேனும் கூட வேண்டும். மருந்து செத்துப்போயிருந்தது. அந்த அறிக்கை போயிருந்தால், மஜ்ஜை மாற்றுக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்தை வழக்கமான முழு அளவில் அந்த உடலுக்குக் கொடுத்திருப்பார்கள். அதை அது தாங்கியிருக்காது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏற்கெனவே சரிந்திருந்த பிள்ளையிடம் என் கவனக்குறைவுக்காக மறுபடியும் ஊசி குத்தினார்கள். இரண்டாம் முறை முறிவுகள் எண்ணி மாளவில்லை.

அவனுடைய அக்காளின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தியது. அவளும் நலமாகவே தெரிந்தாள். ஆனால் அறிகுறி இல்லாமலே அவளுக்கும் அதே நோய் இருக்கக்கூடும் என்பதால் அவள் ரத்தத்தையும் சோதித்தாக வேண்டும். பெற்றோர் தாய்மாமன் உறவில் மணந்தவர்கள்; இருவரும் ஒரே பழுதைச் சுமப்பவர்களானால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஸ்லைடுகளில் பெயர் இராது, எண் மட்டுமே. இருந்தும் சிறிய ஆய்வகத்தில் எந்த எண் யாருடையது என்று ஊகித்துவிடலாம். ஊகித்துவிட்டால், நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எண்களை மாற்றித் தரும்படி இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டேன். ஒட்டியதா, மேலே படிந்ததா என்று தயங்க வேண்டிய செல்களைத் தனியே குறித்து, அவரையும் பார்க்கச் செய்தேன். எண்ணி முடித்துப் பட்டியலைத் திறந்தபோது, அக்காளின் கணக்கு நலமானவரின் கணக்கோடு ஒத்திருந்தது.

அறிக்கை மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. வெளியே பெஞ்சில் காத்திருந்த தாய் என்னைக் கண்டதும் எழுந்து, "பெரியவகிட்டேர்ந்து எடுக்கலாமா சார்?" என்றார்.

"டாக்டர் சொல்லுவாங்கம்மா, மாடிக்குப் போங்க" என்றேன்.