தேனீயின் தலையும் திருகின் ஆட்டமும்: ஆறாவது ஸ்டாக்

மிக அருகில் எடுக்கும் படத்தில் ஒரு மெல்லிய பகுதி மட்டுமே கூர்மையாக விழும்; அதனால் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் கூர்மையான பகுதிகளை மென்பொருளால் ஒன்றாக அடுக்குவதே ஸ்டாக். அப்படி ஆறாவது முறையாக அடுக்கிய தேனீத் தலை நேற்றிரவு ஒரு மங்கல் பட்டைகூட இல்லாமல் வந்து சேர்ந்தது. இதற்கு முந்தைய ஐந்து முயற்சிகளிலும் கூட்டுக்கண்ணின் குறுக்கே கூர்மை, மங்கல், மீண்டும் கூர்மை என வரிவரியாக விழுந்துகொண்டிருந்தது. லென்ஸைச் சந்தேகித்தேன், மென்பொருளைச் சந்தேகித்தேன், என் கண்களைக்கூடச் சந்தேகித்தேன். குற்றவாளி கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் மேக்ரோ ரெயிலின் திருகு என்பது தெரியவருவதற்குள் ஏறத்தாழ 250 படங்கள் வீணாகிவிட்டன.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பெர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, கையால் மாற்றும் வளையம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி, இடையில் லென்ஸைத் தள்ளி நிறுத்தும் வெற்றுக் குழாய்களான எக்ஸ்டென்ஷன் டியூப்களைக் கொடுத்து, ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட கேமராவில் மாட்டியிருக்கிறேன். உருப்பெருக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதைவிட ஓர் அளவுகோலைப் படம் எடுத்துப் பார்ப்பதே நம்பகமானது, 23.5 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் அளவுகோலின் 12 மி.மீ. மட்டும் அடங்கியதால் ஏறக்குறைய 2 மடங்கு என்று எடுத்துக்கொண்டேன். லென்ஸைத் தலைகீழாக மாட்ட உதவும் வளையத்தை விற்றவர் 49 மி.மீ. கேட்டதற்கு 52 மி.மீ. அனுப்பி வைத்ததும், அதற்காக இன்னொரு வளையம் வாங்க நேர்ந்ததும் தனிக்கதை. லென்ஸின் முன்பக்கத் திருகளவு அதன் விளிம்பிலோ மூடியின் உட்புறத்திலோ பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். வளையம் வந்த உடனே அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அப்பெர்ச்சரில் முதலில் நானும் எல்லோரும் செய்யும் தவற்றையே செய்தேன். புலஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம், கூடட்டும் என்று துளையை எஃப் 11 வரை மூடினேன் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). படம் முழுவதும் ஒரே சீராகச் சொரசொரப்பற்று, மெழுகு பூசியதுபோல் வந்தது. உருப்பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டி எஃப் எண்ணால் பெருக்கினால் லென்ஸ் உண்மையில் நடந்துகொள்ளும் எஃப் எண் கிடைக்கும் என்பதை அதன் பிறகே கணக்கில் எடுத்தேன். இரண்டு மடங்கில் எஃப் 11 என்பது எஃப் 33 போல நடந்துகொள்கிறது; அந்த அளவில், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விலகல் எல்லா நுண்விவரத்தையும் தின்றுவிடும். எஃப் 5.6 வைத்தால் அது 17-ஐ ஒட்டி நிற்கிறது. அதற்கு மேல் மூடுவதில்லை என்று முடிவு செய்தேன். விலையாகக் கிடைப்பது ஏறக்குறைய 0.17 மி.மீ. புலஆழம் மட்டுமே. உணர்கொம்பின் நுனியிலிருந்து தலையின் பின்புறம் வரை 5 மி.மீ. இருக்கும் ஒரு தேனீக்கு இது எந்த மூலைக்கு?

ஆகவே அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும்படி 0.1 மி.மீ. இடைவெளியில் நகர வேண்டும். என் ரெயிலின் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. நகர்கிறது. குமிழின் பின்னால் கடிகார முகம்போல 12 கோடுகள் வரைந்த அட்டை வட்டம் ஒன்றை ஒட்டினேன். ஒரு "மணி"க்கு ஒரு படம் என்றால் 0.104 மி.மீ., நான்கு சுற்றில் 48 படங்கள், மொத்தம் 5 மி.மீ. காகிதத்தில் இதைவிட அழகான கணக்கு இருக்க முடியாது.

ஆனால் விரல் கணக்குப்படி நிற்பதில்லை. பத்துப் படத்துக்கு ஒருமுறையாவது ஒரு கோட்டைத் தாண்டிவிடுவேன். உடனே குமிழைப் பின்னுக்குத் திருப்பி, முள் கோட்டில் சரியாக நின்றதைக் கண்டு திருப்தியடைந்து படம் எடுப்பேன். தவறு நடந்தது அந்தத் திருப்தியில்தான். மலிவான ரெயில்களில் திருகுக்கும் அதைப் பற்றியிருக்கும் நட்டுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும். மெக்கானிக்குகள் "ப்ளே" என்று சொல்வது இதைத்தான். திசையை மாற்றியதும் குமிழ் சுற்றும், கேமரா நகராது. நான் பின்னுக்குத் திருப்பியதாக நினைத்த ஒவ்வொரு முறையும் கேமரா தாண்டிய இடத்திலேயே நின்றிருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் 0.1 மி.மீ.க்குப் பதில் 0.2 மி.மீ. இடைவெளி விழுந்து, 0.17 மி.மீ. புலஆழத்தால் அதை மூட முடியாமல், கண்ணின் குறுக்கே ஒரு மங்கல் பட்டையாகத் தெரிந்திருக்கிறது.

இதை உறுதிசெய்ய ஒரு மாலை முழுவதும் தேனீயை எடுத்து வைத்துவிட்டு அளவுகோலையே படம் எடுத்தேன். அளவுகோலை 45 பாகையில் சாய்த்து நிறுத்தினால் கூர்மையாகத் தெரியும் பகுதி ஒரு மெல்லிய பட்டையாக இருக்கும். ரெயில் நகர நகர அந்தப் பட்டை அளவுகோலில் ஏறுவதை நேராகவே பார்க்கலாம். முன்னோக்கிச் சுற்றியபோது ஒவ்வொரு மணிக்கும் ஒழுங்காக நகர்ந்தது. திசையை மாற்றியபோது முதல் மூன்று மணிகளுக்கு இம்மியும் அசையவில்லை, நான்காவதில்தான் நகர்ந்தது. அதாவது 0.3 மி.மீ.க்குக் குறையாத ஆட்டம். ரெயில் வாங்கியவர் யாராக இருந்தாலும், அதில் முதல் ஸ்டாக் எடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பேன். பத்து நிமிட வேலைதான்.

இப்போது இரண்டு காரியங்கள் செய்கிறேன். தொடக்கப் புள்ளிக்கு ஒரு முழுச் சுற்று பின்னால் போய், அங்கிருந்து முன்னோக்கியே வந்து நிறுத்துகிறேன். தாண்டிவிட்டால் திரும்புவதில்லை, அந்த வரிசையையே கைவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். அதோடு, கேமரா தாங்கியையும் ரெயிலின் பின்முனையையும் ஒரு தடித்த ரப்பர் பேண்டால் பிணைத்திருக்கிறேன். அது தாங்கியை எப்போதும் பின்னோக்கி இழுப்பதால் திருகின் ஒரே பக்கம் நட்டில் அழுந்தி நிற்கிறது. பார்வைக்குக் கேவலமாக இருந்தாலும், ஆட்டம் ஒரு மணிக்கும் குறைவாக இறங்கிவிட்டது. பூட்டுத் திருகை முழுக்கத் தளர்த்தாமல் லேசான இறுக்கத்தில் வைப்பதும் உதவுகிறது; ஒவ்வொரு படத்துக்கும் இறுக்கித் தளர்த்துவது மட்டும் கூடாது, ஏனெனில் இறுக்கும்போதே தாங்கி கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.

அதிர்வைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. மேசைவிளக்கில் அரை நொடி ஷட்டரில் எடுத்தபோது தேனீயின் மயிர்கள் இரட்டையாகத் தெரிந்தன. அறையை இருட்டாக்கி, ஃபிளாஷை 1/16 திறனில் வைத்து, அதன் மின்னலுக்கே படத்தைப் பதியவிட்டதும் அந்தத் தொல்லை நீங்கியது. தேனீயைச் சுற்றி வெள்ளைத் தாளை உருளையாகச் சுருட்டி நிறுத்தினால் கண்ணில் விழும் வெள்ளைப் புள்ளி பரவி மென்மையாகிறது.

எதிர்பாராத இரண்டு தொல்லைகளையும் பதிவு செய்துவிடுகிறேன். நான்காவது ஸ்டாக்கில் இடது உணர்கொம்பு இரண்டாகத் தெரிந்தது. ஊசியில் ஒட்டிய பசை காயக் காய இறந்த தேனீ மெல்லத் தலைசாய்ந்திருக்கிறது. இப்போது ஒட்டிய பிறகு ஓர் இரவு அப்படியே விட்டுவிடுகிறேன். மற்றொன்று சென்சார் தூசி: ஒற்றைப் படத்தில் கண்ணுக்குப் படாத ஒரு துகள், 48 படங்களையும் மென்பொருள் அளவு மாற்றிப் பொருத்தும்போது வால்நட்சத்திரம்போல ஒரு கோடாக நீண்டுவிடுகிறது. வரிசை தொடங்கும் முன் ஊதுகுடுவையால் ஒருமுறை ஊதிவிட்டால் இந்தக் கோடு விழாது.

அடுத்து ரெயிலில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் பொருத்தும் எண்ணம் இருக்கிறது. ஒரு சுற்றை 200 சிறு படிகளாகச் சுற்றும் அந்த மோட்டார் இந்தத் திருகில் படிக்கு 0.00625 மி.மீ. நகர்த்தும், அது கைகூடினால் நுண்ணோக்கியில் பொருளுக்கு அருகில் இருக்கும் லென்ஸான ஆப்ஜெக்டிவ் ஒன்றை, 4 மடங்கு பெருக்குவதாக, மாட்டிப் பார்க்கலாம். உதிரிகளைத் தேடத் தொடங்கியும்விட்டேன், கையிலிருக்கும் படம் முடியாமலே.

முடியாததற்குக் காரணம் உணர்கொம்புகள். அவை கண்ணுக்கு முன்னால் குறுக்கிடும் இடத்தில் மென்பொருளால் முன்னது எது, பின்னது எது என்று தீர்மானிக்க முடியாமல், விளிம்பை ஒட்டி ஒரு வெளிறிய ஒளிவட்டம் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் 14-ஆம் படத்திலிருந்து கொம்பின் ஓரத்தை மென்பொருளின் தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இடது கொம்பு பாதி முடிந்திருக்கிறது. வலதை இன்னும் தொடவில்லை.