டார்ச் வெளிச்சம் விழும் இடங்கள்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பட்டறை. வேலந்தாவளம் சோதனைச்சாவடி பக்கம் என்பதால் கேரளப் பதிவு வண்டியும் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். 22 வருடமாக டிங்கர் வேலையும் பெயிண்ட் வேலையும் பார்க்கிறேன். அடிபட்ட கதவை நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, நிறம் அடித்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் ஒருமுறை சுற்றி வருவார், பளபளப்பைப் பார்ப்பார், பணம் கொடுப்பார். பட்டிக்கு அடியில் தகட்டை எவ்வளவு பொறுமையாகத் தட்டியிருக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை.

பளபளப்புக்கு அடியில் இருப்பதை முதன்முதலில் கேட்டவர் ஒரு பழைய கார் அழகுப் போட்டியின் நடுவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். 1960களில் சென்னையில் தயாரான இரண்டு கதவு வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் ஓடியது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கேலோத்தி. பானட்டைத் தூக்கினால் முன்பக்கத்து மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து அப்படியே முன்னால் கவிழ்ந்துவிடும். இன்ஜின், சஸ்பென்ஷன், முன் சக்கரங்கள் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். எதையும் ஒளித்துவைக்க முடியாத வண்டி.

“போட்டியில் நிறுத்த வேண்டும், மேஸ்திரி. அப்பா ஓட்டியபோது இருந்த நிறத்தில் வேண்டும்” என்றார் சார், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த எங்கள் பட்டறை மேஸ்திரியிடம்.

அந்த நிறம் எது என்பது அவருக்கே நினைவில்லை. நான் 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் கூரையில் ஓர் இடத்தைத் தேய்த்தேன். வெள்ளை போய் மெரூன் வந்தது. மெரூனுக்குக் கீழே ஒரு பச்சை. அதற்கும் கீழே செம்மண் நிற பிரைமர். கதவின் உள்பக்கத்து ரெக்ஸின் பேடைக் கழற்றிய பிறகுதான் விடை கிடைத்தது. வெயிலே படாத தகட்டில், சாம்பலில் நீலம் கரைத்தது போன்ற ஒரு நிறம், நேற்று அடித்தது போல இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அதை அப்படியே விடச் சொன்னார் மேஸ்திரி. “சாட்சி இருக்கட்டும்” என்றார்.

இப்போதைய பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்து மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு கொடுத்தால் இரண்டு நாளில் கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் அந்தக் காலத்து வண்டி அப்படி மின்னியதே கிடையாது. எனவே பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டையே மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிக்க முடிவு செய்தோம். பாலக்காட்டுக் கணவாய் அதற்கு இடம்கொடுக்க வேண்டுமே! காலையில் அடித்தால் ஈரக் காற்று. தின்னர் சட்டென்று ஆவியாகித் தகடு குளிர்ந்துபோகும், அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து பெயிண்ட் பால் படர்ந்தது போல வெளுத்துவிடும். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தால் காற்று கிளம்பிப் புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். ஆவணிக் கடைசியில் காற்று ஓயும்வரை மேஸ்திரி கம்ப்ரஸரைத் தொடவிடவில்லை. அந்தப் பொறுமையை அவரிடம்தான் கற்றேன்.

இந்த வகைப் போட்டிக்குப் பிரெஞ்சு மொழியில் கான்கூர் டெலிகான்ஸ் என்று பெயர். இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் 1929இலும், அமெரிக்காவின் பெபிள் பீச்சில் 1950இலும் தொடங்கியவை உலகப் புகழ் பெற்றவை. நம் நாட்டில் ஸ்டேட்ஸ்மேன் நாளிதழின் பழைய கார் ஊர்வலம் 1964 முதல் நடக்கிறது. பல போட்டிகளில் 100 புள்ளியில் தொடங்கி, குறை கண்ட இடத்திலெல்லாம் கழித்துக்கொண்டே வருவார்கள். அருங்காட்சியகத்தில் காரைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். இங்கே பானட்டைத் திற, விளக்கைப் போடு, ஹாரனை அடி என்பார்கள். அழகான வண்டிகளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது, அது நியாயமும்கூட. எனக்கோ அந்தக் கேள்விகள்தான் ஈர்ப்பு.

போட்டியன்று எங்கள் வண்டிக்கு இரண்டு நடுவர்கள் வந்தார்கள். மூத்தவர் வெள்ளைச் சட்டையோடு புல்தரையில் ஒருக்களித்துப் படுத்து, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். எழுந்து ரேடியேட்டர் ஹோஸை விரலால் தொட்டார். “இந்தக் கிளிப் இந்த வண்டியுடையது இல்லையே?” உண்மைதான். பழைய கம்பிக் கிளிப் துருவேறியிருந்ததால் துளை போட்ட புதிய பட்டைக் கிளிப்பை நான்தான் மாட்டியிருந்தேன். குறித்துக்கொண்டார்.

பிறகு கதவை வருடி, “நிறத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டார். சார் என்னைக் காட்டினார். பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் இரண்டு திருகுகளைக் கழற்றி, பேடின் மூலையை விலக்கிக் காட்டினேன். டார்ச்சை அந்த உள்ளங்கை அகலத்தின் மேல் அடித்து, பிறகு வெளிக்கதவில் அடித்து, மறுபடியும் உள்ளே அடித்தார். ஒன்றும் பேசவில்லை. பேடை நான் மாட்டி முடிக்கும்வரை நின்றிருந்து, கை குலுக்கிவிட்டுப் போனார்.

பரிசு வேறொரு வண்டிக்குப் போனது. சாருக்கு வருத்தம். திரும்பும் வழியில் மேஸ்திரி அவரிடம் ஒரு செய்தியைச் சொன்னார். 2024இல் பெபிள் பீச்சில் முதலிடம் பெற்றது 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59. பெயிண்ட் வெடித்து, காலத்தின் தழும்புகளோடு அப்படியே வைத்திருந்த வண்டி. புதுப்பிக்காமல் பாதுகாத்த கார் ஒன்று அங்கே உச்சப் பரிசு பெற்றது அதுவே முதல்முறை. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாளையாறு தாண்டும்வரை பேச்சில்லை. பிறகு, “அந்தப் பழைய கிளிப் இருக்கிறதா?” என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலை பழைய திருகுகள் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவைச் சாக்கில் கவிழ்த்தேன். அந்தக் கம்பிக் கிளிப் அடியில் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனேன்.