ஆய்வு முறைகள் தாளும் மூன்று 999-களும்

உளவியல் ஆய்வு முறைகள் தாளை முழுக்க ஆன்லைன் பாடங்களை வைத்தே படித்து, ஒருவழியாகத் தேறிவிட்டேன். இரண்டாவது முயற்சியில். முதல் முறை கோட்டைவிட்டதில் பாதி, நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஸ்லைடுகளால். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மாறிகள், கருதுகோள், நான்கு வகை அளவைகள், ஆய்வு நெறிமுறை எல்லாம் வீடியோ பார்த்தாலே பிடிபட்டுவிடும். அடி விழுந்தது பி-மதிப்பில், அதாவது ஆய்வு முடிவை எடைபோடப் பயன்படும் புள்ளியியல் எண்ணில். "பி-மதிப்பு 0.03 என்றால் இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3% வாய்ப்பு" என்று ஸ்லைடில் கொட்டை எழுத்தில் இருந்தது (இன்மைக் கருதுகோள் என்றால், வித்தியாசமே இல்லை என்ற அனுமானம்). அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதினேன், மார்க் போனது. இப்படிப் பொருள் கொள்ளவே கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. பாட ஒருங்கிணைப்பாளருக்கு அதைச் சுட்டிக்காட்டி எழுதினால், பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வரி பதில்: "தேர்வுக்கு இது போதும்." ஸ்லைடை இன்னும் மாற்றவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் எனக்குப் புரியவைத்தது துண்டுச் சீட்டுகள். இரண்டு குழுக்களின் இருபது மதிப்பெண்களையும் சீட்டில் எழுதி, கலைத்து, பத்துப் பத்தாகப் பிரித்துச் சராசரி வித்தியாசத்தைக் குறித்தேன். இப்படி நூறு தடவை. அசல் வித்தியாசத்தை எட்டியதோ தாண்டியதோ மூன்றே தடவை. குழுக்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வர எத்தனை வாய்ப்பு என்பதுதான் பி-மதிப்பு. ஒரு மாலை முழுக்கப் போனது. ஆனால் இனி மறக்காது.

அடுத்தது பயிற்சித் தரவுக் கோப்பு. கல்லூரி மாணவர்கள் 60 பேர், சராசரி வயது கிட்டத்தட்ட 69 என்று வந்தது. மென்பொருளைச் சந்தேகப்பட்டு, அழித்து, மறுபடி நிறுவி இரண்டு நாள் வீணாக்கினேன். பிறகு வயது நிரலை ஒவ்வொரு வரியாக இறக்கிப் பார்த்தால் மூன்று இடத்தில் 999! பதில் சொல்லாதவர்களுக்கு அப்படிக் குறியீடு போடுவது வழக்கம்தான். ஆனால் அதை விளக்கும் குறிப்புக் கோப்பின் லிங்க் செத்துப்போயிருந்தது. எந்தக் கணக்குக்கும் முன்னால் ஒவ்வொரு மாறியின் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஜமோவி, ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். கற்றுக்கொள்ள இவையே தாராளம்.

இன்னொன்று, பாடம் எந்த வருடம் தயாரானது என்று பாருங்கள். என்னுடையதில், மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற 1998 சோதனை நல்ல உதாரணமாகவே உட்கார்ந்திருந்தது. 23 ஆய்வகங்கள் சேர்ந்து செய்து 2016-ல் வெளியான மறு ஆய்வில் அந்த விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். 2015-ல் வெளியான இன்னொரு பெரிய முயற்சியில், 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில் 36% மட்டுமே மறுபடியும் புள்ளியியல் ரீதியாக முக்கியத்துவம் வாய்ந்த முடிவைத் தந்தன. மறு ஆய்வு, முன்பதிவு (ஆய்வைத் தொடங்கும் முன்பே அதன் திட்டத்தைப் பதிந்துவைப்பது) என்ற பேச்சே இல்லாத பாடமாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

பலர் வழுக்கும் இடம் ஒன்று: சமவாய்ப்பு மாதிரியெடுப்பும் சமவாய்ப்பு ஒதுக்கீடும் ஒன்றல்ல. யார் ஆய்வுக்குள் வருகிறார்கள் என்பது முதலாவது. வந்தவர் எந்தக் குழுவுக்குப் போகிறார் என்பது இரண்டாவது. முதலாவது இருந்தால் முடிவை மற்றவர்களுக்கும் பொருத்தலாம். இரண்டாவது இருந்தால்தான் காரணம், விளைவு என்று பேசலாம்.

இரண்டாம் முறையும் பி-மதிப்புக் கேள்வி வந்தது. சீட்டு கலைத்ததை நினைத்துக்கொண்டு நான்கே வரி எழுதினேன். முழு மார்க்.