மோரே-சான்-தெனியில் திராட்சை அறுவடை

18 செப்டம்பர் 2024, புதன்

காலை ஏழரைக்கே கொடி வரிசைகளுக்குள் இறங்கிவிட்டோம். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், டிஜோன் நகருக்குத் தெற்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது மோரே-சான்-தெனி கிராமம். பெரியவர், அவர் மகள், மருமகன் மூவருமாகப் பார்த்துக்கொள்ளும் ஐந்து ஹெக்டேர் தோட்டம் இது. முழுக்கப் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சை. கொத்துகள் முழங்கால் உயரத்தில் தொங்குவதால் குனிந்தபடியேதான் வெட்ட வேண்டும். பத்து மணிக்கெல்லாம் இடுப்பு கழன்றுவிடுகிறது.

வெட்டத்தான் அதிகம் இல்லை. இந்த வருடம் விடாத மழை, அதோடு அடிச்சாம்பல் நோய். போர்டோ கலவை, அதாவது நம் ஊரிலும் அடிக்கிற அதே மயில்துத்தமும் சுண்ணாம்பும், அடித்த மறுநாளே மழையில் கரைந்து போகும். மறுபடி அடிக்கலாம் என்றால் மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரத்துக்கு வரம்பு உண்டு: ஏழு வருடத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோ, அவ்வளவுதான். பூக்கிற நேரத்திலும் குளிர் மழை பெய்ததில் பாதிப் பூ பிஞ்சாகவே இல்லை. சில கொடிகளில் ஒரே ஒரு கொத்து. சிலவற்றில் காய்ந்த மிளகு மாதிரி கருகிய பிஞ்சுகள் மட்டும்.

20 செப்டம்பர், வெள்ளி

மதியத்துக்கு மேல் தூறல். பெட்டிகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

22 செப்டம்பர், ஞாயிறு

இன்று எனக்குத் தொட்டி வீட்டில் வேலை. வரும் பழத்தை மேசையில் கொட்டி, அழுகலையும் காய்ந்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். மீதியில் முக்கால் பங்கைக் காம்பு நீக்கியும், கால் பங்கைக் கொத்தோடும் தொட்டியில் போடுகிறார்கள். பினோ நுவாருக்குத் தோல் மெல்லியது, சாயம் குறைவு. சாற்றுக்கு நிறமெல்லாம் தோலிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் கசக்கிப் பிழிந்தால் கசப்பும் சேர்ந்து வந்துவிடும். அதனால் நொதிக்கும்போது மேலே மிதந்து வரும் தோலைக் காலாலோ கட்டையாலோ மெதுவாக அமுக்குவார்கள். பெயர் பிஜாஜ். தொட்டிக்கு மேல் கரியமில வாயு தேங்கி நிற்கும். மூச்சுவிட விடாமல் ஆளையே சாய்த்துவிடும் என்பதால் தனியாக யாரும் ஏறக் கூடாது.

பழத்தில் சர்க்கரை போதவில்லை என்று கொஞ்சம் சர்க்கரை சேர்த்தார்கள். இதைச் சிலர் கேவலமாகப் பேசுவார்கள். நெப்போலியனிடம் அமைச்சராக இருந்த ஷப்தால் பெயரிலேயே இருக்கிற பழைய வழக்கம், சட்டமும் அளவோடு அனுமதிக்கிறது. இப்படி ஒரு வருடத்தில் இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

25 செப்டம்பர், புதன்

கடைசியாக க்ளோ-த-லா-ரோஷ் தோட்டம். கிரான் க்ரு, அதாவது பர்கண்டித் தோட்டங்களின் தரவரிசையில் உச்சப் படி. அதில் இவர்களுக்கு மூன்று ‘ஊவ்ரே’ சொந்தம். ஒரு ஆள் ஒரு நாளில் வேலை பார்க்கக்கூடிய நிலத்தை வைத்து வந்த அளவு இது. நம் கணக்கில் ஒரு ஊவ்ரே ஏறக்குறைய பத்தரை சென்ட். காபி இடைவேளைக்குள் முடித்துவிட்டோம்.

ஏன் இத்தனை துண்டு? பாகப்பிரிவினைதான். பிரெஞ்சுப் புரட்சியின்போது மடங்களின் தோட்டங்களைப் பறித்து ஏலம் விட்டார்கள். அப்புறம் 1804இல் வந்த நெப்போலியன் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்றது. பக்கத்தில் க்ளோ-த-வூஜோவில் ஒரே மதிலுக்குள் ஐம்பது ஹெக்டேருக்குச் சுமார் எண்பது சொந்தக்காரர்கள். வோன்-ரொமானேயில் க்ரோ குடும்பம் பிரிந்ததில் அந்தப் பெயரில் மட்டும் நான்கு ஒயின் வீடுகள். எது யாருடையது என்று வாங்குகிறவர்களுக்குத் தலை சுற்றும்.

மோரேயில் க்ளோ-த-தார் மட்டும் 1141இல் கன்னியாஸ்திரிகள் வாங்கிய நாளிலிருந்து பிரியவே இல்லை. 2017இல் அதைப் பினோ (Pinault, திராட்சையின் பெயர் அல்ல) குடும்பத்தின் நிறுவனம் வாங்கியது. அதை ஒட்டியிருக்கும் க்ளோ-தே-லாம்ப்ரே புரட்சிக்குப் பிறகு 74 பேர் கைக்குச் சிதறி, மெல்ல மெல்லத் திரும்ப ஒன்று சேர்ந்தது. 2014இலிருந்து அது லூயி வித்தோன் பைகளை விற்கும் குழுமத்தினுடையது. பிரான்சின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் இரண்டு இந்தச் சின்னக் கிராமத்தில் அக்கம்பக்கத்துக்காரர்கள்.

28 செப்டம்பர், சனி

போலே, அறுவடை முடிந்த விருந்து. பெரியவர் 2010 க்ளோ-த-லா-ரோஷ் ஒன்றைத் திறந்தார். கோப்பைக்குப் பின்னால் விரல் தெரிகிற அளவுக்கு வெளிறிய சிவப்பு. ருசியும் முதலில் ஒன்றுமில்லாத மாதிரிதான் இருந்தது. அரை மணி கழித்துப் புளிப்புச் செர்ரி, நனைந்த சருகு, லேசாக இறைச்சி வாசனை. நாக்கில் கனமே இல்லை, ஆனால் விழுங்கிய பிறகும் போக மாட்டேன் என்கிறது.

பேச்சு நிலத்தின் பக்கம் திரும்பியது. “ஒயின் விலை ஏறினால் சந்தோஷம், நிலத்தின் விலை ஏறினால் பயம்” என்றார் மகள். பெற்றோரிடமிருந்து வரும் சொத்தில் ஆளுக்கு 1,00,000 யூரோ வரைதான் வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக 45 சதவீதம் வரை போகும். சந்தை விலைதான் கணக்கு. கொடியை நம்பிப் பிழைக்கிறவர்கள் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? லியோனில் வேலை பார்க்கும் அண்ணனுக்கும் ஒரு பங்கு உண்டு. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்.

8 அக்டோபர், செவ்வாய்

தொட்டியைக் காலி செய்து, தோலைப் பிழிந்து, ஒயினைப் பீப்பாய்க்கு மாற்றினோம். ஒரு பீப்பாய் 228 லிட்டர், ஏறத்தாழ முந்நூறு பாட்டில். நிலவறையில் பாதி இடம் காலி. க்ளோ-த-லா-ரோஷ் வழக்கமாக இரண்டு பீப்பாய் வருமாம், இந்த முறை ஒன்றுதான்.

17 நவம்பர், ஞாயிறு

இன்று பக்கத்து போன் (Beaune) நகரில் மருத்துவமனை அறக்கட்டளையின் ஒயின் ஏலம், 1859இலிருந்து நடப்பது. ஊரே அங்கே போயிருக்க, இவர்கள் வீட்டில் பத்திர வேலை. நிலத்தைப் பிரிக்காமல் ஒரு குடும்ப நிறுவனத்தின் பெயரில் வைத்து, பங்குகளை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஏற்பாடு. லியோன் அண்ணன் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை: வருடத்துக்கு ஆறு பெட்டி க்ளோ-த-லா-ரோஷ் அவருக்கு வந்துவிட வேண்டும். பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில். 2024க்கு மட்டும் மூன்றாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லி மகள் அவரிடம் தொலைபேசியில் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.